73ஆவது தெருவுல நான் சொன்ன பொய்

என் மகளுக்கு மொதப் புள்ள பொறந்தப்ப பிள்ளப்பேறு பாக்கறதுக்காக நியூயார்க் போயி மூணு மாசம் இருந்தேன், 2018ல. திரும்பி வந்ததும் மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்கிற எங்க ஊரு சுங்கை சிப்புட்ல பாக்குறவங்க எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாங்க, சிலை பாத்தியா, அந்த ஒசந்த கட்டடத்துல ஏறுனியான்னு. பாத்தேன், ஏறுனேன், போன்ல படம் இருக்கு. ஆனா அந்த மூணு மாசத்துல எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வர்றது சிலையும் இல்ல கட்டடமும் இல்ல, ஒரு சின்ன வெத்தலபாக்குக் கட. அந்தக் கடக்காரர் என்கிட்ட மலாய்ல ஒரு வார்த்த சொன்னாரு, பக்கத்துல நின்ன அம்மா "என்ன சொல்றாரு"ன்னு கேட்டாங்க, நான் மாத்திச் சொல்லிட்டேன். நடந்தது அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு விஷயமான்னு என் வீட்டுக்காரர் கேட்டாரு. எனக்கு அது விஷயமாத்தான் இருக்கு, அதனாலதான் இத்தன வருஷம் கழிச்சு ஒக்காந்து எழுதுறேன்.

அந்த அம்மா யாருன்னு மொதல்ல சொல்லிடறேன். நியூயார்க்ல பிக் ஆப்பிள் கிரீட்டர்னு ஒரு அமைப்பு இருக்கு. வெளியூர்லருந்து வர்றவங்களுக்கு அந்த ஊர்க்காரங்களே, சம்பளம் வாங்காம, தாங்க வாழுற ஏரியாவக் கூட்டிட்டுப் போயி காட்டுறாங்க. 1992ல லின் புரூக்ஸ்னு ஒரு அம்மா ஆரம்பிச்சது. அவங்க வெளிநாடு போறப்பல்லாம் நியூயார்க்னு சொன்னாலே ஜனங்க பயந்தாங்களாம், அங்க ஒசந்த கட்டடமும் கொலை கொள்ளையும்தான் இருக்குன்னு நெனச்சாங்களாம், இல்ல எங்க ஊர்லயும் தெருவு இருக்கு, அக்கம்பக்கம் இருக்குன்னு காட்டத்தான் இத தொடங்கியிருக்காங்க. இப்ப இந்த மாதிரி உலகத்துல நெறைய ஊர்ல இருக்கு, பாரிஸ்ல, சிகாகோவுல எல்லாம். காசு கெடையாது, டிப்ஸும் வாங்க மாட்டாங்க. ரெண்டு மணி நேரத்துலருந்து நாலு மணி நேரம் நம்மகூட நடப்பாங்க, முன்னாடியே ஃபாரம் போட்டு எதுல நமக்கு விருப்பம்னு சொல்லிடணும்.

என் மகதான் எனக்குத் தெரியாம அந்த ஃபாரத்த போட்டது. ஒரு மாசமா பத்தியச் சமையலும் கொழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிறதுமா நான் ஃபிளாட்டுக்குள்ளயே கெடக்கிறத பாத்து அவளுக்கு மனசு கேக்கல. விருப்பம்னு கேட்ட எடத்துல "அம்மா தையல்காரங்க, துணிக்கட, காய்கறிக்கட, கோயில்"னு எழுதியிருக்கா. ஒரு சனிக்கெழம காலையில பத்து மணிக்கு வாசல்ல பெல் அடிச்சுது. எழுபது வயசு தாண்டுன ஒரு அம்மா, நரைச்ச முடிய குட்டையா வெட்டி, மழைக்கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. கொலம்பியா நாட்டுல பொறந்து சின்ன வயசுலயே குவீன்ஸ்ல ஜேக்சன் ஹைட்ஸ்க்கு வந்தவங்களாம், பள்ளிக்கூட லைப்ரரியில வேல பாத்து ரிட்டையர் ஆனவங்க. அவங்க பேர இங்க போடல. அவங்களுக்கும் எனக்கும் இங்கிலீஷ் ரெண்டாவது மொழிதான், அதனாலயோ என்னவோ ரெண்டு பேரும் மெதுவா பேசுனோம், நல்லாவே புரிஞ்சுது.

எங்க மக இருந்த பே ரிட்ஜ்லருந்து ஆர் டிரெயின் ஏறுனா மாறாமலே ஜேக்சன் ஹைட்ஸ் போயிடலாம், ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும். அந்த அம்மா டிரெயின்லயே ஆரம்பிச்சிட்டாங்க. எந்த ஸ்டேஷன்ல யாரு ஏறுவாங்க, யாரு எறங்குவாங்க, எந்த வேலைக்குப் போறவங்க எந்த நேரத்துல போவாங்கன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க. எனக்கு எங்க ஊரு பழைய பஸ்ஸு ஞாபகம் வந்துச்சு. லிந்தாங் ரோட்டுல போற பஸ்ல எந்தத் தீம்பார், அதாவது எந்தத் தோட்டத்துச் சந்துல எந்தக் கூட்டம் ஏறும்னு எங்கம்மாவுக்குத் தெரியும்.

தன் தெருவ காட்டுறது

ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா தலைக்கு மேல இரும்புப் பாலத்துல ஏழாம் நம்பர் டிரெயின் தடதடன்னு ஓடுது, அது போற வரைக்கும் கீழ எல்லாரும் பேச்ச நிறுத்துறாங்க, போனதும் விட்ட எடத்துலருந்து பேசுறாங்க. 74ஆவது தெருவுல சேலக்கட, நகைக்கட, மளிகக்கட. முருங்கக்கா கட்டி வச்சிருந்தாங்க, கறிவேப்பில இருந்துச்சு, எனக்கு அழுகையே வந்துருச்சு. எழுபதுகள்ல ஊருக்குக் கொண்டு போறதுக்கான 220 வோல்ட் சாமான் விக்கிற கடதான் மொதல்ல இங்க வந்துச்சு, அது பின்னாடியே சேலையும் அரிசியும் வந்துச்சுன்னு அந்த அம்மா சொன்னாங்க. 1965ல அமெரிக்கா குடியேத்தச் சட்டத்த மாத்துன பெறகுதான் நம்ம பக்கத்து ஆளுங்க பெருசா வர முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி? அந்த அம்மா என்னைய ரெண்டு தெரு தள்ளிக் கூட்டிட்டுப் போயி ஒரு இரும்பு கேட்டு வழியா எட்டிப் பாக்கச் சொன்னாங்க. வெளிய பாத்தா சாதாரண செங்கல் ஃபிளாட்டு, உள்ள நடுவுல பெரிய தோட்டம், மரம், புல்லு. நூறு வருஷத்துக்கு முன்னாடி கட்டுனது. கட்டுன காலத்துல யூதருக்கும் கறுப்பருக்கும் வீடு குடுக்க மாட்டாங்களாம். "இந்த ஏரியா உலகத்துலயே கலவையான எடம்னு பெருமையா சொல்வாங்க. நானும் சொல்வேன். ஆனா இந்தக் கேட்டையும் சேத்துக் காட்டாம நான் யாரையும் அனுப்ப மாட்டேன்"னு சொன்னாங்க. எனக்கு அது ரொம்ப புடிச்சுது. தன் வீட்டு அழுக்கையும் மறைக்காம காட்டுறதுக்கு ஒரு பாசம் வேணும்.

35ஆவது அவென்யூவும் 81ஆவது தெருவும் சேர்ற எடத்துல தெருப்பேர் பலகையில ஒவ்வொரு எழுத்துக்குக் கீழயும் சின்னதா நம்பர் போட்டிருக்கு. ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளி போட்டு வார்த்த கோக்குற ஸ்கிராபிள் வெளையாட்ட கண்டுபுடிச்ச ஆல்ஃபிரட் பட்ஸ் இந்த ஏரியாக்காரராம், முப்பதுகள்ல வேல போயி சும்மா இருந்தப்ப உண்டாக்குனது. என் மக இடைநிலப்பள்ளியில இத வெளையாடுனவ, படம் எடுத்து அனுப்புனேன். பெறகு 82ஆவது தெருவுல அந்த அம்மா வழக்கமா வாங்குற கடையில சோள மாவுல சுட்ட அரெப்பா வாங்கிக் குடுத்தாங்க, நான் காசு நீட்டுனேன், கைய தட்டிவிட்டுட்டாங்க. அந்தக் கடக்காரம்மாவுக்கு முட்டு வலி, அடுத்த கடக்காரர் மகன் பட்டாளத்துல இருக்கான், எல்லாம் இவங்களுக்குத் தெரியுது. தெரியாததையும் தெரிஞ்ச மாதிரி சொல்லல. ஒரு கட எப்ப வந்துச்சுன்னு நான் கேட்டப்ப "தெரியல, வாங்க கேப்போம்"னு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க.

நடந்துக்கிட்டே வந்தப்ப என்னைய பாத்து ஒரு கேள்வி கேட்டாங்க. "நான் உங்க ஊருக்கு வந்தா நீங்க எனக்கு என்ன காட்டுவீங்க?" நான் யோசிக்காம சொன்னேன், எங்க ஊர்ல ஒண்ணுமே இல்ல மேடம், சின்ன எஸ்டேட் டவுன், எண்ணெய் எடுக்கிற செம்பனத் தோட்டம்தான் இருக்குன்னு. அவங்க ஒண்ணும் சொல்லல, தலைய மட்டும் ஆட்டுனாங்க.

வெத்தலபாக்குக் கட

73ஆவது தெருவு முழுக்க வங்காளதேசத்துக்காரங்க கட. மீன் கட, போன் கார்டு கட, பணம் அனுப்புற கட. ஒரு மூலையில ஜன்னல் மாதிரி சின்னக் கட, ஒருத்தர் ஒக்காந்து வெத்தல மடிச்சுக்கிட்டு இருந்தாரு. எனக்கு வெத்தல வாசம் இழுத்துருச்சு, எங்க பாட்டி போடுறவங்க. நான் அந்த அம்மாகிட்ட மலேசியாவுல எங்க பாட்டி இப்படித்தான் மடிப்பாங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன், மலேசியாங்கற வார்த்தைய கேட்டதும் அவரு டக்குனு நிமிந்தாரு. "காக்கா, டாரி மலேசியா கா?" அக்கா, மலேசியாவுலருந்தான்னு கேக்குறாரு. நியூயார்க்ல மலாய்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நான் ஆமா பேராக்னு சொன்னேன், அவரும் பேராக்லதான் இருந்தேன்னு சொன்னாரு, பீடோர் பக்கம் ஒரு செம்பனத் தோட்டத்துல, 95லருந்து ஏழு வருஷம். பெறகு ஊருக்குப் போயி, அமெரிக்காவுக்குக் குலுக்கல்ல ஆளெடுக்கிற விசா லாட்டரி விழுந்து குடும்பத்தோட இங்க வந்துட்டாராம். அவரு மலாய் எங்கள மாதிரியே இருந்துச்சு, தோட்டத்து மலாய். எங்க ஊரு இழுத்து ஆத்துற டீ, தே தாரேக், இங்க சரியா கெடைக்கலன்னு சொன்னாரு, ரொட்டி சானாய் பத்திக் கேட்டாரு. அந்த அம்மாவுக்கு மொகமெல்லாம் சந்தோஷம், நம்ம தெருவுல நமக்கே தெரியாம இப்படி ஒரு கத இருக்கேன்னு.

நான் கேட்டேன், மலேசியாவ ஞாபகம் வருமா, எப்படி இருந்துச்சுன்னு. அவரு வெத்தலையில சுண்ணாம்பு தடவிக்கிட்டே, தலைய தூக்காம சொன்னாரு. "துஜு தாஹுன் காக்கா. சத்து ரூமா ஓராங் மலேசியா புன் சாயா தாக் பெர்னா மாசோக்." ஏழு வருஷம் இருந்தேன், ஒரு மலேசியாக்காரர் வீட்டுக்குள்ளகூட நான் போனதில்லன்னு. கோவமா சொல்லல. கொறையாவும் சொல்லல. மழ பேஞ்சுது, வெயில் அடிச்சுதுன்னு சொல்ற மாதிரி சொன்னாரு. சொல்லிட்டு வெத்தலைய மடிச்சு கிராம்பு குத்தி என் கையில குடுத்தாரு, காசு வேணாம்னுட்டாரு.

"என்ன சொல்றாரு?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க. எனக்கு வாய் தொறக்கல. ஒரு நிமிஷம் போயிருக்கும், இல்ல அவ்வளவு நேரம்கூட இருக்காது. பெறகு சொன்னேன், "மலேசியா நல்ல நாடு, அங்கத்து ஆளுங்க நல்லவங்கன்னு சொல்றாரு." அந்த அம்மா அவரப் பாத்து சிரிச்சாங்க, அவரும் சிரிச்சாரு. அவருக்கு இங்கிலீஷ் தெரியாம இருக்குமா, பத்து வருஷத்துக்குக் கிட்ட அங்க கட வச்சிருக்கிறவரு. நான் என்ன சொன்னேன்னு அவருக்குக் கண்டிப்பா புரிஞ்சிருக்கும். புரிஞ்சும் என்னைய விட்டுட்டாரு. அதுதான் எனக்கு இன்னும் தாங்கல.

அதுக்கப்புறம் ஏழாம் நம்பர் ஏறி ஃபிளஷிங் போனோம், கணேசர் கோயிலுக்கு. ஐ.நா. சபையில வேல பாத்த அழகப்பா அழகப்பன் முயற்சியில தொடங்கி 1977ல கும்பாபிஷேகம் பண்ணுன கோயில், கீழ்த்தளத்துல கேண்டீன், தோச நல்லா இருக்கும். சாமி முன்னாடி நின்னேன், ஒண்ணும் வேண்டத் தோணல. கோயில் இருக்கிற தெருவுக்கு பவுன் ஸ்டிரீட்னு பேரு. அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு அந்த அம்மா வெளிய வந்து சொன்னாங்க. டச்சுக்காரங்க ஆண்ட காலத்துல குவேக்கர்னு ஒரு மதத்துக்காரங்க கூடிக் கும்புடக் கூடாதுன்னு தட போட்டிருந்தாங்களாம். ஜான் பவுன்னு ஒருத்தர் தன் வீட்டுக்குள்ள அவங்கள கும்புட விட்டாரு, அதுக்காக 1662ல அவர புடிச்சு, நாட்ட விட்டே அனுப்பிட்டாங்க. அவரு ஹாலந்துக்கே போயி நியாயம் பேசி ஜெயிச்சு 1664ல திரும்பி வந்தாரு. அந்த வீடு 1661ல கட்டுனது, இன்னும் அதே தெருவுல நிக்குது. மத்தவங்கள தன் வீட்டுக்குள்ள விட்டதுக்காக ஒரு மனுசன் ஜெயிலுக்குப் போயிருக்காரு. நான் கையில அந்த வெத்தலைய இன்னும் போடாம வச்சிருந்தேன். பெரிய சரித்திரத்த சொல்றோம்னு அந்த அம்மா நெனச்சிருப்பாங்க, எனக்கு யாரோ பேர் சொல்லிக் கூப்புட்டுக் கேள்வி கேட்ட மாதிரி இருந்துச்சு.

எங்க லயத்துல

ஊருக்கு வந்து கடைய தொறந்தேன். நான் டவுன்ல தையக்கட வச்சு இருவது வருஷத்துக்கு மேல ஆவுது, ஞாயித்துக்கெழம ஆனா தோட்டத்துலருந்து வெளிநாட்டுத் தம்பிங்க வருவாங்க, பசார்ல வாங்குன ஜீன்ஸ கால் கொறைக்க. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா. நாங்க எல்லாரையும் சேத்து "பங்களா"ன்னுதான் சொல்லுவோம், நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவங்ககிட்ட நான் பேசுனதெல்லாம் மூணே வார்த்த: எவ்வளவு நீளம், எப்ப வேணும், அஞ்சு வெள்ளி. அவங்க கடைக்குள்ள வர மாட்டாங்க, வாசப்படிக்கு வெளிய நின்னே துணிய நீட்டுவாங்க. நான் உள்ள வான்னு சொன்னதே இல்ல, சொல்லணும்னு தோணுனதே இல்ல.

2019 ஜனவரியில ஒரு ஞாயிறு, எப்பவும் வர்ற ஒரு தம்பி வந்தான், வங்காளதேசத்துல குமில்லா பக்கத்துக்காரன், இருவத்தஞ்சு வயசு இருக்கும். உள்ள வந்து ஒக்காருப்பான்னேன். அவன் பின்னாடி திரும்பிப் பாத்தான், வேற யாரையோ சொல்றேன்னு. எந்தத் தோட்டத்துல இருக்கன்னு கேட்டேன், சொன்னான். நான் பொறந்த தோட்டம். இப்ப அங்க பால்மரம், அதாவது ரப்பர் மரம், ஒண்ணு இல்ல, முழுக்க செம்பன. நாங்க 85ல தாமானுக்கு, டவுன் குடியிருப்புக்கு, வந்துட்டோம், அதுக்கப்புறம் அம்மாவோட ரெண்டு மூணு தரம் கோயில் திருவிழாவுக்குப் போனதோட சரி. எனக்கு அங்க வந்து பாக்கணும், கூட்டிட்டுப் போறியான்னு கேட்டேன். அவன் ரொம்ப நேரம் யோசிச்சான். பெறகு "அடுத்த ஞாயிறு வாங்க காக்கா, நான் காட்டுறேன்"னான்.

வீட்டுக்காரர காடிய எடுக்கச் சொல்லிப் போனோம். அவருக்கு இஷ்டமில்ல, காடியிலயே ஒக்காந்திருந்தாரு. அந்தத் தம்பி குளிச்சு, நான் தச்சுக் குடுத்த சட்டைய போட்டு, கேட்டுகிட்ட நின்னான். நான் அங்கதான் பொறந்தேன்னு அவன்கிட்ட சொல்லவே இல்ல. ஏன்னு கேட்டா, அந்தக் கொலம்பியா அம்மா எனக்கு எப்படிக் காட்டுனாங்களோ, அந்த மாதிரி அவன் எடத்த அவன் காட்டட்டும்னு நெனச்சேன். அவன் காட்டுனான். இது தண்ணி புடிக்கிற பீலி, காலையில அஞ்சு மணிக்கு வரிசையா நிப்போம். (நான் அதே பீலியில நாலு மணிக்கு நின்னவ, அம்மா பால்மரம் வெட்டப் போறதுக்கு முன்னாடி ரெண்டு குடம் ரொப்பி வைக்கணும்.) இது மோட்டர் நிறுத்துற கொட்டாய். (அது அப்ப எங்க ஆயாக்கொட்டகை, அம்மாங்க வேலைக்குப் போறப்ப கொழந்தைங்கள விட்டுட்டுப் போற எடம், என் தம்பி தங்கச்சிங்க எல்லாம் அங்கதான் தொட்டில்ல கெடந்தாங்க.) இது அருவா தீட்டுற கல்லு. செம்பனக் கொல ஒண்ணு இருவது கிலோ வரும், சிலது அதுக்கும் மேல, நீள கம்புல அருவாளக் கட்டி அண்ணாந்து வெட்டணும், ராத்திரி படுத்தா கழுத்து திரும்பாதுன்னு காட்டுனான். எங்கம்மாவுக்கு முதுகு. பால்மரம் குனிஞ்சு வெட்டுனவங்க முதுகு போகும், செம்பன அண்ணாந்து வெட்டுறவங்க கழுத்து போகும். தோட்டத்து ஆளுங்க வரிசையா குடியிருக்கிற அந்த லயம் ரெண்டு வலியையும் பாத்திருக்கு.

முனியாண்டி கோயில் கடைசியில இருந்துச்சு, மரத்தடியில. சூலம் துருப்புடிச்சுப் போச்சு, ஆனா சுத்தி லாலான் புல்லு ஒண்ணுகூட இல்ல, சுத்தமா வெட்டியிருந்துச்சு. யாரு வெட்டுறாங்கன்னு கேட்டேன். நாங்கதான், வெயில்ல லாலான் காஞ்சா தீப்புடிக்கும்னான். கொஞ்சம் நிறுத்திட்டு, "யாரோ கும்புட்ட எடம், எரிய விடக்கூடாது"ன்னான். அவன் தொழுவறது லயத்துக் கடைசி ரூம்ல, பாய் விரிச்சு. எனக்கு அங்கயே கண்ணு நெறஞ்சுது. அப்பதான் சொன்னேன். தம்பி, நான் இங்கதான் பொறந்தேன், அதோ நீ இருக்கிற ரூம்லருந்து ரெண்டு கதவு தள்ளி, அந்தக் கூரை போன வீடு. அவன் நம்பல. நான் போயி பின்பக்கத்துல அடுப்பு இருந்த எடத்துல கரி புடிச்ச செவுத்த காட்டுனேன், அதுக்குப் பக்கத்துல அப்பா சிமெண்ட்டு பூசி மங்கு கவுத்தி வைக்கிறதுக்குப் போட்ட திட்டு இன்னும் இருந்துச்சு, பால்மரத்துல பால் புடிக்கிற அந்த மங்குதான். அவன் அது என்னத்துக்குன்னு தெரியாம அதுல செருப்பு காய வச்சுக்கிட்டு இருந்தானாம். ஒடனே ஓடிப்போயி எடுத்தான். இருக்கட்டும்பா, இப்ப அது ஒன்னோடதுன்னேன்.

அவன் ரூமுக்குள்ள கூப்புட்டு டீ போட்டுக் குடுத்தான். பாலும் சீனியும் தூக்கலா. காடியில ஒக்காந்திருந்த என் வீட்டுக்காரருக்கும் ஒரு கிளாஸ் எடுத்துட்டுப் போனான். அவரு பத்து நிமிஷத்துல எறங்கி வந்துட்டாரு, அவரும் தீம்பார்ல பொறந்தவருதான். ஒட்டுப்பால் வித்த கத, துரை மோட்டர்ல வர்ற கத எல்லாம் ஆரம்பிச்சிட்டாரு.

நான் கவனிச்சது ஒண்ணு. நான் அவன என் வீட்டுக்குக் கூப்புடுறதுக்கு முன்னாடி, அவன் என்னைய அவன் வீட்டுக்குள்ள கூப்புட்டுட்டான்.

அந்த ஞாயித்துக்கு மூணு வாரம் கழிச்சுத்தான் அந்தத் தம்பியோட சேத்து அங்கருந்து மூணு பேர வீட்டுக்குச் சாப்புட வரச் சொன்னேன். மூணு வாரம் ஆனதுக்குக் காரணம் இருக்கு, அதையும் சொல்லணும். தாமான்ல என்ன சொல்வாங்கன்னு பயம். பக்கத்து வீட்டு ஆண்ட்டி நேராவே கேட்டாங்க, எதுக்கு இந்த வேல, நாள பின்ன எதாச்சும் களவு போனா யாரக் கேக்கறதுன்னு. எங்கள தோட்டத்து ஆளுங்கன்னு சொல்லி டவுன்ல வீடு வாடகைக்குக் குடுக்க யோசிச்ச காலத்த அந்த ஆண்ட்டியும் பாத்தவங்கதான். நான் சண்ட போடல. ஹலாலா இருக்கட்டும்னு பசார்ல மலாய்க்காரர் கடையில கோழி வாங்குனேன், சமைக்க ஒரு புதுச் சட்டி வாங்குனேன், அத அவங்க வர்றப்ப மட்டும் எடுக்கறதுன்னு வச்சுக்கிட்டேன். அவங்க வந்து கேட்டுக்கு வெளியவே நின்னாங்க, நான் மூணு தரம் கூப்புட்ட பெறகுதான் செருப்ப ரோட்டோரமா கழட்டிட்டு உள்ள வந்தாங்க. செருப்ப உள்ள எடுத்து வைங்கப்பான்னேன்.

சாப்புட்ட பெறகு டவுன சுத்திக் காட்டுனேன். எங்க ஊர்ல ஒண்ணுமில்லன்னு நியூயார்க்ல சொன்ன அதே நான். ரயில் ஸ்டேஷன். மகாத்மா காந்தி கலாசாலை, 1954ல நேருவோட தங்கச்சி விஜயலட்சுமி பண்டிட் வந்து தொறந்து வச்ச தமிழ்ப்பள்ளி. மலேசியாவுல மந்திரியா இருந்த துன் சம்பந்தன் பொறந்த ஊரு இது, 1960ல அவரு தோட்டத்து ஜனங்ககிட்ட சின்னச் சின்ன சேமிப்பா சேத்து கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, துண்டு துண்டா விக்கப்போன தோட்டத்த வாங்குன கதையச் சொன்னேன். லிந்தாங் ரோட்டக் காட்டி, 1948 ஜூன் 16ல இந்தப் பக்கத்துத் தோட்டங்கள்லதான் கம்யூனிஸ்ட்டுக்காரங்க மூணு வெள்ளக்காரத் தொரைங்கள சுட்டாங்க, அதோட நாடு முழுக்க அவசர காலம் வந்துச்சு, லயத்த சுத்தி முள்ளுக்கம்பி போட்டு ராத்திரி ஊரடங்கு போட்டத எங்கம்மா சொல்வாங்கன்னு சொன்னேன். அந்த ரோட்டுலயே இன்னும் உள்ள போனா தெமியார்ங்கற ஒராங் அஸ்லி, அதாவது பூர்வகுடி ஆளுங்க, கிராமங்க. அங்க நான் போனதில்ல, அதையும் அவங்ககிட்ட மறைக்கல. கோலகங்சார்ல 1877ல நட்ட ரப்பர் மரத்துல ஒண்ணு இன்னும் நிக்குது, ஒரு நாளு கூட்டிட்டுப் போறேன்னேன், போனோம். அந்தத் தம்பி மரத்த தொட்டுப் பாத்துட்டு, "இதுக்காகத்தான் ஒங்க ஆளுங்கள கப்பல்ல கூட்டிட்டு வந்தாங்களா?"ன்னு கேட்டான். இதுக்காகத்தான்னேன். "எங்கள பிளேன்ல"ன்னான்.

2020 மார்ச்சுல எல்லாத்தையும் அடைச்சப்ப லயத்து கேட்டையும் பூட்டிட்டாங்க, உள்ள இருக்கிறவங்க வெளிய வரக்கூடாது. அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கி கேட்டுக்கு வெளிய வச்சிட்டு வருவேன். அவங்க அந்தப் பக்கம் நிப்பாங்க. எங்கம்மா சொன்ன முள்ளுக்கம்பிய நான் பாத்ததில்ல, அன்னைக்கிப் பாத்தேன். அந்தத் தம்பி 2021 கடைசியில பெர்மிட்டு முடிஞ்சு ஊருக்குப் போயிட்டான். போறதுக்கு மொத நாள் அந்த சிமெண்ட்டு திட்டக் கழுவி விட்டு படம் எடுத்து அனுப்புனான். இப்ப அந்த ரூம்ல நேப்பாளத்துத் தம்பிங்க இருக்காங்க, அவங்களும் கடைக்கு வர்றாங்க, உள்ள வந்து ஒக்கார்றாங்க.

நியூயார்க்ல கணேசர் கோயில் தெருவுக்கு 2022ல கணேஷ் டெம்பிள் ஸ்டிரீட்னு இன்னொரு பேரும் சேத்து வச்சாங்கன்னு மக படம் அனுப்புனா. அந்தப் படத்தப் பாத்ததுலருந்து மறுபடியும் அந்த வெத்தலக்கட வந்து நிக்கிது. பொய் சொன்னது அந்தக் கடக்காரர்கிட்ட இல்ல, எனக்காக ஒரு நாளு முழுக்க நடந்து, அந்தக் கேட்டையும் சேத்துக் காட்டுன அம்மாகிட்ட. அவங்க தெருவோட ஒரு கதைய நான் அவங்ககிட்டருந்து மறைச்சுட்டேன். போன வாரம் மக ஊருக்கு வந்திருந்தப்ப அவள ஒக்கார வச்சு, அந்த அமைப்பு மூலமா அந்த அம்மாவுக்கு மெயில் போடச் சொன்னேன். நான் தமிழ்ல சொல்ல அவ இங்கிலீஷ்ல டைப் பண்ணா. மேடம், நான் சுங்கை சிப்புட்லருந்து வந்த தையல்காரி. அன்னைக்கி 73ஆவது தெருவுல அந்த அண்ணன் மலேசியா நல்ல நாடுன்னு சொல்லல. ஏழு வருஷம் இருந்தேன், ஒரு வீட்டுக்குள்ளகூடப் போனதில்லன்னு சொன்னாரு. அவரு கட இன்னும் இருந்தா, நான் சரியா சொல்லிட்டேன்னு அவர்கிட்ட சொல்லுங்க. அப்புறம், எங்க ஊர்ல என்ன காட்டுவீங்கன்னு கேட்டீங்களே, வாங்க, ஒரு சிமெண்ட்டு திட்டு இருக்கு, அதுலருந்து தொடங்குவோம்.

மக படிச்சுப் பாத்துட்டு, "அம்மா, இப்படியே அனுப்பிடவா?"ன்னு கேட்டா. இப்படியே அனுப்புன்னேன்.